ஒரு மாத்திரை எப்படி ஒரு ரூபாய்க்குக் கீழே வந்தது? சந்தையா, அரசா? (நீண்ட இழை)

1/
"மருத்துவத்தை மொத்தமா தனியார்கிட்ட விட்டுடுங்க, போட்டி வந்தா விலை தானா குறையும்." இது ஒரு கட்சி.
"மருத்துவத்துல லாபம்ங்கிற பேச்சே கூடாது, எல்லாத்தையும் அரசே செய்யணும்." இது இன்னொரு கட்சி.
டீக்கடையிலயும் டைம்லைன்லயும் இந்தச் சண்டை ஓயறதே இல்ல.

நான் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். பொருளாதாரம் படிச்சவன் இல்ல. ஆனா தினமும் ஓபியில நான் எழுதுற மாத்திரைகளோட வரலாறு கொஞ்சம் தெரியும். அந்த வரலாறு ரெண்டு கட்சிக்கும் முழுசா சாதகமா இல்ல. பொறுமையா படிங்க.

2/
1947ல இருந்து ஆரம்பிப்போம். சுதந்திரம் வந்தப்போ நம்ம நாட்டு மருந்துச் சந்தை பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிகள் கையில இருந்தது. அப்போ அமல்ல இருந்தது 1911ல பிரிட்டிஷ்காரங்க போட்ட காப்புரிமைச் சட்டம். ஒரு மருந்துக்குக் காப்புரிமை வாங்கிட்டா 16 வருஷம் வேற யாரும் அந்த மருந்தைத் தயாரிக்க முடியாது. அவங்க சொல்றதுதான் விலை.

இதுல ஒண்ணு கவனிங்க. "சந்தை" தானா இப்படி ஆகல. சட்டம்தான் போட்டிக்குப் பூட்டு போட்டிருந்தது. காப்புரிமைங்கிறதே அரசு எழுதிக் கொடுக்கிற ஏகபோக உரிமைதான்.

3/
காப்புரிமையில ரெண்டு வகை இருக்கு. இட்லியை வெச்சுச் சொல்றேன்.

"இட்லிங்கிற பண்டமே எனக்குச் சொந்தம், எந்த முறையில செஞ்சாலும் குற்றம்"னு உரிமை வாங்கினா அது பொருள் காப்புரிமை.
"இந்த அரிசி, இந்த உளுந்து, இத்தனை மணி நேரப் புளிப்பு, இந்த முறை மட்டும்தான் எனக்குச் சொந்தம். வேற முறையில நீ இட்லி சுட்டுக்கோ"ன்னா அது செய்முறை காப்புரிமை.

கேட்க சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். கோடிக்கணக்கான உயிர்கள் இந்த வித்தியாசத்துல தொங்கிக்கிட்டு இருந்தது.

4/
அன்னைக்கு விலை எப்படி இருந்தது? இதை நம்ம ஊர் இடதுசாரி சொல்லல, அமெரிக்க செனட்டே சொல்லுச்சு. செனட்டர் எஸ்டஸ் கெஃபாவர் தலைமையில ஒரு துணைக்குழு மருந்து விலைகளைத் துருவி எடுத்து 1961ல அறிக்கை கொடுத்தது. சில ஆன்டிபயாடிக் மருந்துகளோட விலை உலகத்துலயே ரொம்ப அதிகமா இருக்கிற நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணுன்னு அதுல இருக்கு.

உலகத்தோட ஏழை நாடுகள்ல ஒண்ணு. ஆனா மருந்து விலையில முன்வரிசை.

5/
அரசு ரெண்டு வழியில இறங்கிச்சு.

முதல் வழி, தானே தயாரிக்கிறது. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியோட 1954ல புனே பக்கம் பிம்ப்ரியில ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்தது, பென்சிலின் தயாரிக்க. 1961ல சோவியத் உதவியோட ஐடிபிஎல். ரிஷிகேஷ்ல ஆன்டிபயாடிக், ஹைதராபாத்ல செயற்கை மருந்துகள், நம்ம சென்னையில அறுவை சிகிச்சைக் கருவிகள்.

6/
ரெண்டாவது வழி, விதியை மாத்துறது. இங்கதான் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வர்றார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியா இருந்து, பிறகு உச்ச நீதிமன்றம் போன என். ராஜகோபால அய்யங்கார். காப்புரிமைச் சட்டத்தை ஆராய அவரை அரசு நியமிச்சது. 1959ல அறிக்கை கொடுத்தார்.

இந்தியாவில கொடுக்கப்பட்ட காப்புரிமைகள்ல பெரும்பகுதி வெளிநாட்டுக்காரங்க கையில இருக்கு, அதுலயும் பல இங்க தயாரிக்கிறதுக்காக வாங்கினதே இல்ல, மத்தவங்க தயாரிக்காம தடுக்கத்தான்னு தெளிவா எழுதினார். மருந்துக்குச் செய்முறை காப்புரிமை மட்டும் போதும்ங்கிறது அவர் பரிந்துரை.

7/
பத்து வருஷத்துக்கு மேல இழுபறி. கடைசியா 1970ல காப்புரிமைச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 20 அன்னைக்கு அமலுக்கு வந்தது. உணவு, மருந்து ரெண்டுக்கும் பொருள் காப்புரிமை கிடையாது. செய்முறை காப்புரிமையும் அதிகபட்சம் 7 வருஷம்தான். 1970லயே மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையும் வந்தது.

அதாவது அரசு சொன்னது இதுதான்: "இட்லி யாருக்கும் சொந்தமில்ல. யார் வேணா அவங்கவங்க முறையில சுட்டுக்கலாம்."

8/
அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. விதியை மாத்தினது அரசு. ஆனா பலனைக் கொண்டுவந்தது தனியார்.

1935ல க்வாஜா அப்துல் ஹமீத் மும்பையில தொடங்கின சிப்லா மாதிரி கம்பெனிகள், வெளிநாட்டு மருந்துகளை வேற செய்முறையில தயாரிக்க ஆரம்பிச்சாங்க. ஐடிபிஎல்ல வேலை பார்த்த அஞ்சி ரெட்டி வெளியே வந்து 1984ல டாக்டர் ரெட்டிஸ் தொடங்கினார். அரசு ஆலையில தொழில் கத்துக்கிட்டவங்க தனியார்ல போட்டி போட்டாங்க. ஒரே மூலக்கூறுக்குப் பத்து, இருபது, அம்பது கம்பெனி. விலை சரிஞ்சது.

9/
அரசு ஆலைகள் என்ன ஆச்சு? மறைக்காம சொல்லணும். ஐடிபிஎல், ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ரெண்டுமே 1990கள்ல நலிஞ்ச நிறுவனங்களாயிடுச்சு. நட்டம், பழைய இயந்திரம், மெதுவான முடிவுகள். "எல்லாத்தையும் அரசே தயாரிக்கணும்"னு சொல்றவங்க இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

இன்னொரு நேர்மையான கணக்கும் இருக்கு. அடுத்தவங்க கண்டுபிடிச்சதை மலிவா செய்யறதுல நாம ராஜா. புது மூலக்கூறு கண்டுபிடிக்கிறதுல அந்த அளவுக்கு இல்ல. காப்புரிமையை ஆதரிக்கிறவங்க சொல்ற வாதத்துல இந்தப் பகுதி உண்மை.

10/
சரி, அம்பது கம்பெனி போட்டி போடுறாங்களே, அப்போ மெடிக்கல் ஷாப்ல விலை அடிமட்டத்துக்கு வந்திருக்கணுமே? வரல. ஒரே மெட்ஃபார்மின். பிராண்டுக்கு பிராண்ட் விலை ஏணி வெச்சா மாதிரி ஏறி இறங்குது.

ஏன்னா கத்திரிக்கா வாங்குற மாதிரி மாத்திரை வாங்க முடியாது. கத்திரிக்காயைத் திருப்பிப் பார்த்து, சொத்தையா இருந்தா பக்கத்துக் கடைக்குப் போவீங்க. மாத்திரையைத் திருப்பிப் பார்த்து என்ன தெரியும்? தேர்வு செய்யறது டாக்டர். காசு கொடுக்கிறது நோயாளி. விழுங்குறதும் நோயாளி.

11/
இதை நான் புதுசா சொல்லல. கென்னத் ஆரோன்னு அமெரிக்கப் பொருளாதார அறிஞர், பின்னாடி நோபல் வாங்கினவர், 1963லயே மருத்துவச் சந்தை பத்தி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். நோய் எப்போ வரும்னு தெரியாது. எந்தச் சிகிச்சை வேணும்னு நோயாளிக்குத் தெரியாது. தெரிஞ்சவர்கிட்டதான் அவர் சரணடையணும். அதனால மத்த சரக்குச் சந்தை மாதிரி இது தானா சீராகாதுங்கிறது அதோட சாரம்.

சுருக்கமா சொன்னா, போட்டி வேலை செய்யணும்னா வாங்குறவனுக்கு விவரமும் வேணும், பேரம் பேசற பலமும் வேணும். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வர்றவர்கிட்ட ரெண்டும் இருக்காது.

12/
"அப்போ விவரமும் பலமும் உள்ள அரசு மொத்தமா வாங்கட்டும்!" நல்ல யோசனை. ஆனா அரசு வாங்கினாலே போதுமா?

1986, ஜனவரி-பிப்ரவரி. மும்பை ஜே.ஜே. மருத்துவமனை. அரசு மருத்துவமனை. மூளை வீக்கம், கண் அழுத்தம் குறைய வாய்வழியா கிளிசரின் கொடுக்கிற பழக்கம் அப்போ இருந்தது. கொடுத்த நோயாளிகளுக்கு வரிசையா சிறுநீரகம் செயலிழந்தது. 14 பேர் இறந்தாங்க. பாட்டில்ல இருந்தது மருந்துத் தரக் கிளிசரின் இல்ல. டைஎத்திலீன் கிளைகால் கலந்த, தொழிற்சாலைக்கு மட்டுமே லாயக்கான சரக்கு.

13/
நீதிபதி லென்டின் தலைமையில விசாரணை ஆணையம் போட்டாங்க. மருந்து வாங்கின முறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அரசியல்னு மேல இருந்து கீழ வரைக்கும் இருந்த அழுகலை அது தோண்டி வெளியே போட்டுச்சு.

வித்தது தனியார். வாங்கினது அரசு. சோதிக்க வேண்டியதும் அரசு. குற்றவாளியை ஒரு பக்கம் மட்டும் தேடினா கிடைக்க மாட்டாங்க. விலை மலிவு, சோதனை இல்ல. இந்த ரெண்டும் சேர்ந்தா அது விஷம்.

14/
இந்தப் பின்னணியில நம்ம தமிழ்நாட்டுக்கு வாங்க. 1990களோட தொடக்கம் வரைக்கும் இங்கயும் மருந்துக் கொள்முதல் சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு துறையும் தனித்தனியா வாங்கும். ஒரு இடத்துல மருந்து காலாவதியாகிக் குப்பைக்குப் போகும், இன்னொரு இடத்துல அதே மருந்து இல்லாம நோயாளி வெளிய எழுதி வாங்குவார்.

1994 ஜூலையில தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவாச்சு. 1995 ஜனவரியில மருந்து விநியோகம் தொடங்குச்சு. அரசு ஊழியர்கள் சுருக்கமா சொல்ற "டிஎன்எம்எஸ்சி" இதுதான்.

15/
இது என்ன செஞ்சது? மருந்து ஆலை கட்டல. அந்தப் பாடம் ஐடிபிஎல்லோட முடிஞ்சது. சந்தைக்குள்ள ஒரு பெரிய, விவரமான வாடிக்கையாளரா போய் நின்னுச்சு.

அ) அத்தியாவசிய மருந்துப் பட்டியல். பிராண்ட் பேர் கிடையாது, மூலப்பெயர் மட்டும்.
ஆ) ரெண்டு உறை டெண்டர். முதல் உறையில கம்பெனியோட தகுதி: தயாரிப்புத் தரச் சான்று, உற்பத்தித் திறன், அனுபவம். அதுல தேறினாதான் விலை உறையைப் பிரிப்பாங்க.
இ) மாநிலம் முழுமைக்கும் ஒரே கொள்முதல். அளவு பெருசு, அதனால விலை கீழ.

16/
ஈ) சரக்கு மாவட்டக் குடோனுக்கு வந்ததும் ஒவ்வொரு பேட்ச்லயும் மாதிரி எடுத்து, கம்பெனி பேர் தெரியாத மாதிரி குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவாங்க. தேறினாதான் ஆஸ்பத்திரிக்கு வரும். திரும்பத் திரும்பத் தோத்தா கம்பெனி கருப்புப் பட்டியல்ல.
உ) ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக். உங்க ஒதுக்கீடு இவ்வளவு, இவ்வளவு மதிப்புக்கு உங்களுக்கு என்ன மருந்து தேவையோ எடுத்துக்கோங்க. இதயநோய் அதிகமா வர்ற ஊர்ல அதை எடுப்பாங்க, பாம்புக்கடி அதிகமா வர்ற ஊர்ல விஷமுறிவு மருந்தை எடுப்பாங்க.

17/
ஜே.ஜே.வையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டு இடத்துலயும் வாங்கினது அரசுதான், வித்தது தனியார்தான். வித்தியாசம் விதியில. குறைஞ்ச விலைக்கு முன்னாடி தரம்ங்கிற ஒரு கதவு. காசு கொடுக்கிறதுக்கும் நோயாளி விழுங்குறதுக்கும் நடுவுல ஆய்வகம்ங்கிற இன்னொரு கதவு.

விளைவு? இன்னைக்கு உங்க அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துல வாங்குற சுகர் மாத்திரை அரசுக்கு ஒரு ரூபாய்க்கும் கீழ அடங்குது. உங்க அம்மாவுக்கு இலவசம். கேரளா, ராஜஸ்தான்னு பல மாநிலங்கள் இந்த மாதிரியைப் பார்த்துத் தங்களுக்குன்னு கழகம் தொடங்கினாங்க.

18/
இப்போ இந்தக் கதையோட உச்சம். எச்ஐவி.

1986ல இந்தியாவோட முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடிச்சது நம்ம சென்னை மருத்துவக் கல்லூரி. டாக்டர் சுனிதி சாலமனும் அவரோட மாணவி டாக்டர் நிர்மலாவும். "நம்ம ஊர்ல இதெல்லாம் வராது"ன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்த காலத்துல, சேகரிச்ச ரத்த மாதிரிகளை வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோய்ச் சோதிச்சாங்க.

19/
1987ல அமெரிக்காவுல முதல் எச்ஐவி மருந்து ஏஇசட்டி அனுமதி வாங்குச்சு. இதோட பிறப்பைக் கேளுங்க. 1964ல ஜெரோம் ஹார்விட்ஸ்ங்கிற விஞ்ஞானி புற்றுநோய்க்காக, அமெரிக்க அரசு நிதியில உருவாக்கின மூலக்கூறு அது. புற்றுநோய்க்கு உதவல, கிடப்புல போட்டாங்க. 1980கள்ல எச்ஐவிக்கு எதிரா அது வேலை செய்யுதுன்னு சோதிச்சதுலயும் அமெரிக்க அரசோட தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு.

காப்புரிமை தனியார் கம்பெனிக்குப் போச்சு. மருத்துவ ஆய்வுக்கும் தயாரிப்புக்கும் அவங்களும் செலவு பண்ணாங்க, அதையும் சொல்லணும். ஆனா அறிமுக விலை வருஷத்துக்கு 8,000 டாலருக்கு மேல.

20/
1996ல மூணு மருந்துக் கூட்டுச் சிகிச்சை வந்தது. மரணத்தை எதிர்பார்த்துக் கிடந்தவங்க எழுந்து வேலைக்குப் போனாங்க. மருத்துவ வரலாற்றுல இது மாதிரி திருப்பம் ரொம்பக் குறைவு.

விலை வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல. அன்னைய மதிப்புல சுமார் மூன்றரை லட்சம் ரூபாய். தாம்பரம் காசநோய் மருத்துவமனை வார்டுல படுத்திருந்த லாரி டிரைவருக்கு அந்த மருந்து இருந்ததும் இல்லாததும் ஒண்ணுதான். ஆப்பிரிக்காவுல லட்சக்கணக்குல செத்துக்கிட்டு இருந்தாங்க. மருந்து இல்லாததால இல்ல. இருக்கிற மருந்தை வாங்க வழி இல்லாததால.

21/
விலையைக் குறைக்க சட்டம் போட்ட தென்னாப்பிரிக்க அரசு மேல 1998ல மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டாங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, 39 கம்பெனி. உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்து, 2001 ஏப்ரல்ல வாபஸ் வாங்கினாங்க.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 2001 பிப்ரவரியில, சிப்லாவோட யூசுஃப் ஹமீத் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். அதே மூணு மருந்துச் சிகிச்சை, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருஷத்துக்கு 350 டாலர். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழ.

22/
பத்தாயிரம் எங்க, முந்நூத்தி அம்பது எங்க! எப்படி முடிஞ்சது? 1970 சட்டத்தால இந்தியாவுல இந்த மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமை இல்ல. ஒரு கம்பெனி மூணையும் தயாரிச்சு ஒரே மாத்திரையா இணைக்கலாம். சிப்லாவோட ஏஇசட்டிக்குச் செய்முறை கண்டுபிடிச்சுக் கொடுத்ததே ஹைதராபாத்ல இருக்கிற அரசு வேதியியல் ஆய்வகம்தான். அப்புறம் மத்த இந்தியக் கம்பெனிகளும் போட்டிக்கு வர, விலை இன்னும் இறங்குச்சு.

நீதிபதி அய்யங்கார் அறிக்கை எழுதினப்போ எச்ஐவின்னு ஒரு வைரஸையே யாரும் கேள்விப்பட்டதில்ல. அவர் எழுதின விதி நாப்பது வருஷம் கழிச்சு ஆப்பிரிக்காவுல உயிர் காப்பாத்துச்சு.

23/
ஆனா கதை இங்க முடியல. ஒரு நாளைக்கு ஒரு டாலர்னா அன்னைக்கு நாப்பத்தஞ்சு ரூபாய்க்கு மேல. தினக்கூலிக்கு அது சோத்துக் காசு. ஒரு நாள் இல்ல, வாழ்நாள் முழுக்க.

போட்டி விலையைத் தரைக்கிட்ட கொண்டுவந்துச்சு. ஆனா தரைக்கும் கீழ நிக்கிற மனுஷன் ஒருத்தன் எப்பவும் இருப்பான். அவன் கையில மருந்தைக் கொடுக்கிற வேலையைப் போட்டி செய்யாது. உலகத்துக்கே மலிவு மருந்து அனுப்பின நாட்டுல, நம்ம அரசு இலவசமா கொடுக்க ஆரம்பிச்சது 2004 ஏப்ரல்லதான். முதல்ல தொடங்கின மையங்கள்ல தாம்பரமும் ஒண்ணு. 2001லயே விலை இறங்கியும் இடையில போன மூணு வருஷத்துக்குக் கம்பெனிகளைக் குறை சொல்ல முடியாது. அது அரசோட கணக்கு.

24/
2005 ஜனவரியில உலக வர்த்தக அமைப்பு ஒப்பந்தப்படி மருந்துக்குப் பொருள் காப்புரிமை மறுபடி வந்தது. ஆனா நாடாளுமன்றம் ஒரு தாழ்ப்பாள் வெச்சது. பிரிவு 3(டி). பழைய மருந்தோட வடிவத்தைக் கொஞ்சம் மாத்திட்டு, பலன் கூடாமலே, புதுக் காப்புரிமை கேட்க முடியாது.

ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்துக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006ல சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1ல அதே முடிவு உறுதியாச்சு. அப்போ கம்பெனி மருந்து மாசம் சுமார் 1,20,000 ரூபாயா இருந்தது. இந்திய ஜெனரிக் அப்போ சுமார் 8,000 முதல் 10,000.

25/
இப்போ ஆரம்பத்துல இருந்த சண்டைக்கு வருவோம். ஒரு ரூபாய்க்குக் கீழ வந்த மாத்திரையை இறக்கினது யார்?

போட்டிக்குக் கதவு திறந்தது சட்டம். அந்தக் கதவு வழியா ஓடிவந்து விலையைக் குறைச்சது தனியார் போட்டி. மொத்தமா வாங்கி, சோதிச்சு, இலவசமா கொடுத்தது அரசு. மூணுல ஒண்ணு இல்லாட்டியும் அந்த மாத்திரை உங்க கைக்கு வராது. சட்டம் இல்லாத இடத்துல 16 வருஷ ஏகபோகம். போட்டி இல்லாத இடத்துல ஐடிபிஎல். சோதனை இல்லாத இடத்துல ஜே.ஜே.

26/
இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2025ல நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான இருமல் சிரப், மத்தியப் பிரதேசத்துல பிஞ்சுக் குழந்தைகளைக் கொன்னுச்சு. உள்ள இருந்தது அதே டைஎத்திலீன் கிளைகால். 1986ல கத்துக்க வேண்டிய பாடம்.

தமிழ்நாட்டு முறையிலயும் ஓட்டை இல்லாம இல்ல. சில மருந்து சில மாசம் தட்டுப்பாடு ஆகும். அப்போ "வெளிய வாங்கிக்கோங்கம்மா"ன்னு ஒரு பாட்டிகிட்ட சொல்ற வேலை என்னை மாதிரி டாக்டருக்குத்தான் வருது. பாஸ்புக்ல பணம் இருந்து என்ன, குடோன்ல சரக்கு இல்லன்னா?

27/
அதனால அடுத்த தடவை யாராவது "சந்தைகிட்ட விடுங்க"ன்னா, "சரி, அந்தச் சந்தையோட விதியை யார் எழுதுறா? வாங்குறவன் பக்கம் யார் நிக்கிறா?"ன்னு கேளுங்க.
"அரசே எல்லாம் பண்ணட்டும்"னா, "சரி, அரசை யார் சோதிக்கிறா? தட்டுப்பாடு வந்தா யார் பதில் சொல்றா?"ன்னு கேளுங்க.

28/
ஒரு டாக்டரா கடைசியா ஒரு வேண்டுகோள். "இலவச மாத்திரை வேலை செய்யாது"ன்னு நினைச்சு பிபி, சுகர் மாத்திரையை நிறுத்திட்டு, பக்கவாதத்தோட வர்றவங்களை நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். அந்த அட்டை உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி என்னென்ன கதவு தாண்டி வருதுன்னு இப்போ உங்களுக்குத் தெரியும். தைரியமா போடுங்க, நிறுத்தாதீங்க. மாத்திரை நிறம் மாறி இருந்தாலோ, உடைஞ்சு நொறுங்கி இருந்தாலோ வீசிடாதீங்க. அட்டையோட கொண்டுவந்து மருந்தாளுநர்கிட்ட காட்டுங்க. அதுவும் ஒரு சோதனைதான்.

வீட்டுல மாத்திரை போடத் தயங்குற பெரியவங்க இருந்தா இதைப் படிச்சுக் காட்டுங்க.